ஊருக்கு முளைத்த லோசியின் நாக்கு

முத்தூரணியில் விருந்துக்கு உட்கார்ந்தவர் தன் இலையைத் தானே மடக்க முடியாது. விருந்து வைத்தவர் எதிரே வந்து நின்று, இலையைப் பார்த்து, ஆளைப் பார்த்து, திருப்திப்பட்டு, “சரி, எந்திரிங்க” என்று சொன்ன பிறகுதான் மடக்கலாம். அதுவரை கறிக்குழம்பு வரும், மறுபடியும் வரும், கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தால் விரல்களின் மேலேயே வந்து விழும், சர்க்கரை வியாதி என்று சொன்னவருக்குப் பாயசம் கூடுதலாக ஒரு கரண்டி வரும். வயிறு சரியில்லை என்றவரைப் பார்த்து, பட்டினி கிடந்தால்தான் வயிறு சரியில்லாமல் போகும் என்று விளக்கம் வேறு வரும். இதற்கு எங்கள் ஊரில் அன்பு என்று பெயர். பக்கத்து ஊர்க்காரர்கள் வேறு ஏதோ பெயர் வைத்திருப்பதாகக் கேள்வி. அவர்களுக்கு எல்லாமே சின்ன மனசு.

இப்பேர்ப்பட்ட ஊரில், லாரி ஓட்டும் கண்ணப்பனுக்கும் சுகந்திக்கும் மகளாக மீனலோசனி வந்து பிறந்தாள். லோசி என்று கூப்பிடுவார்கள். எட்டு வயது. அவளுக்கு ஆட்டிசம் என்று மதுரையில் ஒரு டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவள் சாப்பிட்டது ஒன்றே ஒன்றுதான்: பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த இருதயராஜ் பேக்கரியின் வெறும் பன். உள்ளே ஜாம் கூடாது, பழத்துண்டு கூடாது, மேலே எள் கூடாது, அடியில் கருகின வட்டம் கூடாது. கூடவே நீல டம்ளரில் ஆறின பால். “இது பிடிவாதம் இல்லம்மா. நமக்கு லேசாத் தெரியிற வாசமும் ருசியும் அவளுக்கு ரேடியோவ முழுசாத் திருகி வச்ச மாதிரி இருக்கும். முருங்கைக்காயோட நார், தக்காளியோட தோலு, ஒன்னோட ஒன்னு தொட்டுக்கிட்டு இருக்கிற கூட்டு, எல்லாமே அவளுக்கு அலறல்தான். அந்தப் பன் ஒன்னுதான் தினமும் ஒரே மாதிரி இருக்கு, அத அவ நம்புறா. அந்த நம்பிக்கைய மட்டும் உடைச்சிராதீங்க” என்று டாக்டரம்மா சொன்னதை சுகந்தி ஊரில் எல்லோருக்கும் சொல்லிப் பார்த்தாள்.

ஊர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது, கேட்டு முடித்ததும் வைத்தியம் சொன்னது. ஒருநாள் பட்டினி போடு, தானாகத் தின்னும் என்றது. மூக்கைப் பிடித்து ஊற்று என்றது, செல்போனைக் காட்டி ஏமாற்றி ஊட்டு என்றது. எங்கள் காலத்தில் இப்படியெல்லாம் ஒரு வியாதியும் இல்லை, நாலு அடி போட்டால் பாகற்காயும் உள்ளே போகும் என்றது. தாய் சரியில்லை என்பதை மட்டும் அவள் முதுகுக்குப் பின்னால் சொன்னது, ஏனென்றால் முத்தூரணிக்காரர்களுக்கு இங்கிதம் தெரியும்.

இங்கிதத்தில் எல்லோரையும் மிஞ்சியவள் கண்ணப்பனின் அக்கா தவமணி. ஆனியில் அவள் பேரனுக்குக் காதுகுத்து வந்தது. மூன்று கிடா வெட்டி, பாகுபாடு இல்லாமல் ஊர் முழுவதற்கும் விருந்து. கண்ணப்பன் மட்டும் லாரியோடு வடக்கே போயிருந்தான், திரும்ப மாசமாகும். மண்டபத்துக்குள் ஒலிபெருக்கி போட்ட போட்டில் லோசி காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட, சுகந்தியும் அவளோடு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். பிள்ளைக்கு வைத்திருந்த பன் பொட்டலம் மட்டும் மண்டபத்தில் மாட்டிக்கொண்டது.

தவமணி அதைப் பார்த்தாள். பிள்ளைமேல் அவளுக்குப் பிரியம்தான், அதில் சந்தேகமே இல்லை; எங்கள் ஊரில் பிரியம் இல்லாதவர்கள் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்ததில்லை. ஈரலை மிளகு போட்டு வேகவைத்து, அம்மியில் மைய அரைத்து, பன்னின் அடியை மெல்லக் கீறி, உள்ளே அடைத்து, கீறல் தெரியாமல் அமுக்கி, பொட்டலத்தில் வைத்து ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினாள். சுகந்திக்கு ஒன்றும் தெரியாது. தன் கையால் எடுத்துக் கொடுத்தாள்.

லோசி கத்தவில்லை. கடித்ததை அப்படியே வாயில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். பிறகு குனிந்து துப்பினாள். பாவாடை நுனியால் நாக்கைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள், நுனியில் ரத்தம் வரும்வரை. துடைத்து முடித்ததும் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, அம்மாவின் கையைப் பார்த்தாள்.

“ஒரு வாய் உள்ள போச்சுல்ல?” என்று தவமணி வாசலுக்கே வந்து கேட்டாள். “அதான் வேணும். இப்படியே தெரியாமக் கலந்து கலந்து குடுத்தேன்னா ஒரே மாசத்துல பிரியாணி திங்கிற புள்ளயா ஆக்கிருவேன்.”

“மதினி, நீங்க என்ன செஞ்சிருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியல” என்றாள் சுகந்தி.

“தெரியுது, தெரியுது. நீ வந்து இலையில உக்காரு.”

சுகந்தி உட்காரவில்லை. பிள்ளைக்கு வாய் கழுவி, சட்டை மாற்றி, வேப்பமரத்தைச் சுற்றி நடக்கவைத்து ஆசுவாசப்படுத்துவதற்குள் பந்தி முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றவர்கள் விருந்துகளில் சாப்பிடுவதில்லை என்பதை யாரும் கவனிப்பதும் இல்லை. ஊரில் அன்று கை நனைக்காமல் வீடு திரும்பியவர்கள் அந்த இரண்டு பேர்தான்.

மறுநாள் காலையில் முத்தூரணி விழித்தபோது, விருந்து சாப்பிட்ட எல்லோர் வாயிலும் லோசியின் நாக்கு இருந்தது.

அதில் குழப்பம் ஒன்றும் இல்லை. கண்ணாடியில் பார்த்தார்கள்: சின்னதாக, வெளிர் ரோஸ் நிறத்தில், நுனியில் கடுகளவு மச்சத்தோடு. அந்த மச்சம் லோசிக்கு உண்டு என்று பள்ளிக்கூட ஆயா சொன்னார். கிடா மேய்ந்த காடு சரியில்லை என்று சிலரும், சமையல்காரர் கைராசி என்று சிலரும் பேசினார்கள், ஆனால் அதற்கெல்லாம் அதிக நேரம் இல்லை, காலைப் பலகாரம் முன்னால் இருந்தது. பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் மீசை வைத்த ஒரு பெரிய மனிதர், சட்னி இட்லியைத் தொட்டுவிட்டது என்பதற்காகத் தட்டைத் தள்ளிவிட்டு, நாற்காலியில் குந்தி உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டார். பக்கத்து மேசைக்காரர் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவர் அப்போது தன் தோசையின் மொறுமொறுப்புச் சத்தம் தாங்காமல் மேசைக்கு அடியில் இருந்தார். நாக்கோடு மூக்கும் காதும் ஒரு கட்சியாகச் சேர்ந்துகொண்டன. கடுகு வெடித்தால் தெரு துடித்தது, குக்கர் விசில் அடித்த வீட்டின்மேல் கல் விழுந்தது, சாம்பாரின் பெருங்காய வாசனைக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அழுதேவிட்டார்.

ஊர் சமாளித்தது. முத்தூரணிக்குச் சமாளிக்கத் தெரியும். பாத்திரக்கடையில் தடுப்பு வைத்த தட்டுகள் ஒரே காலையில் தீர்ந்துபோயின, நீல டம்ளர்களுக்கு அடிதடி நடந்தது. சோற்றைக் குழம்பு தொடக்கூடாது என்று ஆரம்பித்து, குழம்பே வேண்டாம் என்று முன்னேறி, ஆறின வெள்ளைச் சோறும் உப்பில்லாத கஞ்சியுமாக ஊர் அடங்கியது. அடுத்து வந்த கல்யாணத்தில் பந்தியில் எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள், அடுத்தவர் மெல்லும் சத்தம் யாருக்கும் ஆகவில்லை. விருந்து வைத்தவர் வழக்கப்படி எதிரே வந்து நிற்க முயன்று, எதிரே சுவர் இருந்ததால், கதவுக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரலில் “சரி, எந்திரிங்க” என்றார். கோயிலில் புளியோதரை நிறுத்தப்பட்டு வெறும் சாதம் படைக்கப்பட்டது. சாமியிடம் யாரும் கேட்கவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, ஊர் இதற்குக் கண்டுபிடித்த பெயர்தான். லோசிக்கு இருந்தபோது அது அடம். கொழுப்பு. வளர்ப்புக் கோளாறு. தாசில்தாருக்கும் டாக்டருக்கும் நகைக்கடை முதலாளிக்கும் வந்ததும் அதற்கு நுண்ணுணர்வு என்று பெயர் மாறியது. நுண்ணாக்கினர் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்து, பட்டுத்துணியில் பேனர் கட்டி, எங்கள் ஊர் நாக்கு தமிழ்நாட்டிலேயே உயர்ந்த நாக்கு என்று தீர்மானம் போட்டார்கள். கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கொரு டம்ளர் வெந்நீர் பரிமாறப்பட்டது, அதிலும் இரண்டு பேர் சூடு அதிகம் என்று வெளிநடப்புச் செய்தார்கள். அந்த நாக்குக்குச் சொந்தக்காரியைக் கூப்பிட்டு ஒரு சால்வை போடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாததும் நல்லதுதான், சால்வையின் ஜரிகை அவளைக் குத்தியிருக்கும்.

இப்போது ஊரிலேயே வித்தியாசமான ஆள் சுகந்திதான். அவளிடம் மட்டும் பழைய நாக்கு இருந்தது. அவள் பாட்டுக்கு வெங்காயம் வதக்கி ரசம் வைத்தாள், ஜன்னலைச் சாத்திக்கொண்டு அப்பளம் பொரித்தாள். எதையும் சாப்பிடுகிற ஒரு பெண்ணை ஊர் பயத்தோடும் இரக்கத்தோடும் பார்த்தது. மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டச் சொன்னார்கள்.

தவமணி முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். “ஏன்டி சுகந்தி, ஒனக்கு ஈவு இரக்கமே இல்லியா? ஒரு தெருவே கெடந்து துடிக்கிது, நீ பூண்டு வதக்குற.”

“உள்ள வாங்க மதினி. கஞ்சி தரவா?”

“நீ வச்ச கஞ்சியா? அதுல என்னத்தக் கலந்திருக்கியோ. எம் மக வீட்டுலயே நான் தொடுறதில்ல. நானே வடிச்சு நானே திங்கிறேன்.” இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் எந்த உறுத்தலும் தெரியவில்லை. “சோறும் வெறுத்துப்போச்சு. நாக்கு ஒன்னே ஒன்னத்தான் கேக்குது. இருதயராஜு கடப் பன்னு.”

ஊருக்கே அதே ஏக்கம்தான். ஆனால் பன் இல்லை. விருந்தில் மூன்று முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்ட இருதயராஜுக்கும் அந்த நாக்கும் மூக்கும் வந்திருந்தன. புளித்த மாவின் வாடைக்கும் சூடான அடுப்பின் வாடைக்கும் அவரால் பட்டறைக்குள் காலெடுத்து வைக்க முடியவில்லை. முப்பது வருஷமாக நின்ற இடத்தை எதிர்த்த நடைபாதையிலிருந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஊர் மெலிந்ததைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை, கொஞ்சம் மெலியலாம். ஆனால் லோசி மெலிந்தாள். காதுகுத்துக்குப் பிறகு அவள் அம்மாவின் கையிலிருந்து எதையும் வாங்கவில்லை. மிச்சமிருந்த பழைய பன்களைக் கொடுத்தபோது ஒவ்வொன்றையும் பிய்த்தாள், பொடிப்பொடியாக உதிர்த்தாள், உள்ளே தேடினாள், தேடி முடித்தபோது தின்ன ஒன்றும் இருக்காது, தரையில் துகள்தான் இருக்கும். பாலைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுப் பாதியில் வைத்துவிடுவாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் எடை பார்த்த நர்ஸ், இப்படியே போனால் மூக்கில் குழாய் வைக்க வேண்டிவரும் என்றார். முகத்தில் தண்ணீர் பட்டாலே துடிக்கிற பிள்ளைக்கு மூக்கில் குழாய். சுகந்தி ஆஸ்பத்திரி வாசலில் நின்று, மகள் பார்க்காதபடி திரும்பிக்கொண்டு அழுதாள். மகளின் பசியைவிட அவளைத் தின்றது வேறொன்று: பிள்ளைக்கு இனி தன் கைமேல் நம்பிக்கை வராதோ என்கிற பயம்.

நேரே இருதயராஜிடம் போனாள்.

“அண்ணே, பட்டறைச் சாவியக் குடுங்க. நான் போடுறேன். இந்த ஊர்ல எனக்கு மட்டுந்தான் அந்த வாடை தாங்கும்.”

“தங்கச்சி, அது தோசை சுடுறது மாதிரி இல்ல. மாவு பேசும். நீங்க கேக்கணும்.”

“நீங்க இங்கேருந்து சொல்லுங்க. நான் கேக்குறேன். எம் புள்ள ஒங்க பக்கத்துல உக்காந்து பாக்கட்டும். அவ பாக்காம நான் ஒரு சிட்டிகை உப்புகூடப் போட மாட்டேன்.”

கடையின் முன்பக்கக் கதவுகளை முழுசாகத் திறந்துவைத்தாள். மேசையைத் தெருவைப் பார்க்க இழுத்துப் போட்டாள். எதிர் நடைபாதையில், மூக்கில் ஈரத் துண்டு கட்டிய இருதயராஜும், காதுக்கு மூடி மாட்டிய லோசியும் இரண்டு முக்காலிகளில் உட்கார்ந்தார்கள். சுகந்தி மைதாவைத் தூக்கிக் காட்டினாள், கொட்டினாள். சர்க்கரையைக் காட்டினாள், போட்டாள். உப்பை, ஈஸ்டை, தண்ணீரை. ஒவ்வொரு முறையும் வெறுங்கையை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினாள். லோசி அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் பார்த்தாள்.

“இன்னும் பிசைங்க தங்கச்சி! ஒட்டுது பாருங்க! காது மடல் மாதிரி வரணும்!” என்று இருதயராஜ் துண்டுக்குள்ளிருந்து கத்தினார், கத்திவிட்டுத் தன் குரலுக்குத் தானே முகம் சுளித்தார்.

முதல் தட்டு வெளியே வந்தது. சுட்ட பன்னின் மணம் பிடித்து ஊர் வந்துவிட்டது. யாரும் யாரையும் தொடாமல், ஒரு கை இடைவெளி விட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வரிசை நின்றது. அரசியல் கட்சிகளால் முடியாத ஒழுங்கு. சுகந்தி ஒரு பன்னைக் காகிதத்தில் வைத்துத் தெருவைக் கடந்து மகள் முன்னால் நீட்டினாள். லோசி தொடவில்லை. அடியைக் குனிந்து பார்த்தாள், கருகின வட்டம். தலையை ஆட்டினாள். அவள் தலை ஆடிய அதே நொடியில் வரிசையில் நின்ற ஊரின் தலைகள் அத்தனையும் ஒரே பக்கமாக ஆடின.

இரண்டாவது தட்டு வெளுத்துப்போயிருந்தது, ஊர் வேண்டாம் என்றது. மூன்றாவதில் மேல்தோல் வெடித்திருந்தது. நாலாவது சரியாக இருப்பதாக இருதயராஜே சொன்னார், ஆனால் லோசி மோந்து பார்த்துவிட்டுத் தள்ளினாள், உடனே வரிசையில் இருந்த தாசில்தார், “மைதா வேற கம்பெனி” என்று கண்ணீரோடு சொன்னார். சுகந்தி மாவு மூட்டைகளைத் திருப்பிப் பார்த்தாள். வேறுதான். சரியான மூட்டையைப் பிரித்தாள், மகளுக்குத் தூக்கிக் காட்டினாள், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். எட்டு வருஷமாக ஒரு பிள்ளையின் தலையாட்டலை மதிக்காத ஊர், வெயிலில் நின்றபடி அதே தலையாட்டலுக்காக வாயைத் திறந்து காத்திருந்தது.

பொழுது சாயும் நேரத்துக்கு ஒரு தட்டு வந்தது. மேலே பொன்னிறம், அடியில் வெறும் வெளுப்பு, அழுத்தினால் சத்தமில்லாமல் அமுங்கி எழும்பியது. இருதயராஜ் எழுந்து நின்றார். லோசியும் எழுந்து நின்றாள்.

வரிசையில் முதலாவதாக நின்றிருந்த தவமணி கையை நீட்டினாள். “எனக்குக் குடு ஆத்தா மொதல்ல. பெரியவங்களுக்கெல்லாம் குடுத்துரு. அது சின்னப் புள்ளதான, நாளைக்கு எதையாவது கலந்து கிலந்து குடுத்துப் பழக்கிக்கிரலாம். எங்களால முடியலடி.”

வரிசையில் பலர் ஆமாம் என்றார்கள். பிள்ளைகள் சட்டென்று பழகிக்கொள்ளும் என்று ஒருவர் விவரமாகச் சொன்னார்.

சுகந்தி தட்டை மேசையில் வைத்தாள். அன்றுவரை யாரிடமும் குரலை உயர்த்தாதவள். “பழகிக்கிருவாளா? அதே நாக்குதான் மதினி ஒங்க வாய்க்குள்ளயும் இருக்கு. நீங்க பழகிட்டீங்களா? அம்பது வயசு, அறுபது வயசு ஆளுங்க, கஞ்சியப் பாத்து அழுதீங்களே, பழகுனீங்களா? எம் புள்ள இந்த நாக்கோடதான் ஒங்க பந்தியில எல்லாம் உக்காந்தா. ஒருத்தரு, ஒரே ஒருத்தரு, அவள விட்டீங்களா? தள்ளுங்க!”

அந்தச் சத்தம் எல்லோருடைய காதிலும் குத்தியது, ஆனால் யாரும் காதைப் பொத்தவில்லை.

லோசி தானாகத் தெருவைக் கடந்து வந்தாள். தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். இரண்டாகப் பிய்த்தாள். உள்ளே பார்த்தாள். விரலை விட்டுப் பார்த்தாள். மோந்தாள். பிறகு ஒரு ஓரத்தைக் கடித்து, கண்ணை மூடி, மெதுவாக மென்றாள். விழுங்கினாள். மறுபடி கடித்தாள். சுகந்தி அப்படியே மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை நாளாக அவள் இந்த ஒரு சத்தத்துக்காகத் தவித்திருந்தாள், பிள்ளை விழுங்குகிற சத்தம்.

தவமணியும் ஒரு பன்னை எடுத்தாள். அவளும் பிய்த்தாள், அவளும் உள்ளே தேடினாள். தேடிக்கொண்டிருந்தவள் லோசியின் விரல்களைப் பார்த்தாள், தன் விரல்களைப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆனது.

“சுகந்தி,” என்றாள். “அன்னைக்கு அந்தப் பன்னுக்குள்ள நான்...”

சொல்லிக்கொண்டே, தைரியத்துக்கு ஒரு வாய் கடித்தாள். மென்றாள். நெற்றி சுருங்கியது. நாக்கை நீட்டி, கண்ணைத் தாழ்த்தி நுனியைப் பார்த்தாள். மச்சம் இல்லை.

“அடியாத்தி, இதுல உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல. இதையா திங்கிது இந்தப் புள்ள?”

வரிசை முழுக்க நாக்கை நீட்டி ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். யாரோ ஓட்டலுக்கு ஓடினார்கள், யாரோ கடுகு தாளித்தார்கள், கறிவேப்பிலை மணம் தெரு முனையிலிருந்து வந்தது, அவ்வளவுதான், ஊர் கலைந்தது. தவமணி பாதி பன்னை மேசையில் வைத்துவிட்டு, “இரு ஆத்தா, பொறவு பேசுவோம்” என்று சொல்லி, பொறவு என்றால் முத்தூரணியில் என்ன அர்த்தமோ அந்த அர்த்தத்தில், குழம்பு மணத்தின் பின்னால் வேகமாகப் போனாள். போகிற போக்கில் தாசில்தார் நின்று அக்கறையோடு சொன்னார்: “ஒரு நாள் பட்டினி போட்டுப் பாரும்மா. தானா எல்லாம் சாப்பிடும்.”

இருதயராஜ் துண்டை அவிழ்த்துவிட்டு உள்ளே வந்து, நெஞ்சு நிறைய மூச்சிழுத்தார். “எந்திரிங்க தங்கச்சி. அடுப்ப இப்படியா விடுறது? நாளையிலேருந்து நான் போட்டுக்கிறேன். ஆனா அந்த மூட்டை மாவு தனியா இருக்கட்டும், அத மாத்தக் கூடாது.”

யாரும் தொடாத பன்கள் தட்டு நிறைய இருந்தன. கூட்டம் போய்விட்டதால் தெருவில் சத்தம் குறைந்திருந்தது, லோசி காதுமூடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். முதல் பன்னைத் தின்று முடித்துவிட்டு இன்னொன்றுக்காகக் கையை நீட்டினாள், தட்டை நோக்கி அல்ல, அம்மாவை நோக்கி. சுகந்தி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். லோசி அதைப் பிய்த்துப் பார்க்காமலே கடித்தாள்.